கணினியை மேம்படுத்தக் கொடுக்குமுன்: திருகோணமலைக் கடையொன்றில் எங்கள் ஒலிச் சேகரிப்புக்கு நேர்ந்தது

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திய பின்னர், பலரும் கணினியை 11க்கு மாற்றக் கடைகளுக்குக் கொண்டுபோகிறார்கள். திருகோணமலை நகரில் அப்படிப்பட்ட ஒரு கடை எங்கள் சேகரிப்பைப் பாழாக்கிய விதத்தை, வீட்டில் ஒலிப்பதிவுகளையும் படங்களையும் சேர்த்து வைத்திருப்போர் அறிய வேண்டும்.

கோணேசர் கோயில், பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாக்களில் அப்பா கசெட்டில் பதிந்த நாதஸ்வரக் கச்சேரிகளே அந்தக் கணினியில் இருந்தன. அவற்றை எம்பி3 கோப்புகளாக்கி, எந்தக் கோயில், எந்த ஆண்டு, நாதஸ்வரம் யார், தவில் யார் என்ற விவரங்களைத் தமிழில் குறிச்சொற்களாக எழுதியிருந்தோம். குரலையும் வாசிப்பையும் கேட்டே ஆட்களை அடையாளம் சொன்ன பெரிய மாமா இப்போது உயிருடன் இல்லை.

வட்டை அழித்து ஃபோர்மட் செய்யாமல், ஏற்கெனவே உள்ள விண்டோஸின் மேலேயே மேம்படுத்த வேண்டும், அதற்குமுன் பாட்டு மென்பொருள் தன் பட்டியல்களை வைத்திருக்கும் நூலகக் கோப்பையும் சேர்த்துப் பிரதி எடுக்க வேண்டும் என்று கடையில் தெளிவாகச் சொன்னேன். "எல்லாம் பெக்கப் எடுத்துத்தான் செய்வம் அண்ணை, யோசிக்காதேங்கோ" என்றார்கள். ஆனால் சி டிரைவை முழுவதுமாக அழித்தே 11ஐ நிறுவியிருக்கிறார்கள். மேலேயே மேம்படுத்தியிருந்தால் பழைய விண்டோஸ் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற கோப்புறையில் வழமையாகப் 10 நாட்கள் இருக்கும். அதற்குள் பின்வாங்கவும் முடியும். அந்த வழி எங்களுக்கு அடைபட்டுப் போனது.

அவர்கள் எடுத்த பிரதியில் பாட்டுக் கோப்புகள் மட்டுமே இருந்தன. மறைவான ஆப்டேட்டா கோப்புறையில் கிடந்த நூலகக் கோப்பை எவரும் தொடவில்லை. பாடல் பட்டியல்களும் நட்சத்திர மதிப்பீடுகளும் அதனுடன் போயின. ஆண்டுவாரியான கோப்புறைகளை ஒன்றாகக் கொட்டியதில், ஒரே பெயருடைய கோப்புகள் ஒன்றன்மேல் ஒன்று எழுதப்பட்டு, சில கச்சேரிகளே இல்லாமற்போயின.

எல்லாவற்றிலும் கொடியது, நாங்கள் கேட்காமலே ஏதோ ஒரு மென்பொருளால் குறிச்சொற்களைத் "துப்புரவாக்கியது". இப்போது ஒவ்வொரு கோப்பிலும் தமிழ் இருந்த இடத்தில் வெறும் கேள்விக்குறிகள் நிற்கின்றன. ஃபொன்ட் போட்டால் சரிவரும் என்று கடைக்காரர் சாதித்தார். அது உண்மையல்ல. எம்பி3 கோப்புக்குள் இவ்விவரங்களை எழுதும் முறையான ஐடி3 குறிச்சொல்லின் 2.3ஆம் பதிப்பில் தமிழை, பல மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்-16 குறியாக்கத்தில் எழுத வேண்டும். ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன் குறியாக்கத்தில் எழுத முனைந்தால், அதில் இடமில்லாத ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாக மாற்றப்பட்டுச் சேமிக்கப்படும். குறிச்சொல் புரியாத ஐரோப்பிய எழுத்துக் கலவையாகத் தெரிந்தால் பெரும்பாலும் மீட்கலாம், ஏனெனில் மூலத் தரவு உள்ளே இருக்கிறது. கேள்விக்குறியாகிவிட்டால் மீட்பதற்கு உள்ளே எதுவுமே இல்லை.

ஆகவே கணினியைக் கொடுக்குமுன் முழுச் சேகரிப்பையும் வேறொரு வன்தட்டில் பிரதி எடுத்து, அந்த வன்தட்டை வீட்டிலேயே வைத்திருங்கள். நூலகக் கோப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்து அதையும் சேருங்கள். எம்பி3டேக் போன்ற மென்பொருளால் குறிச்சொற்களை ஒரு பட்டியல் கோப்பாகவும் ஏற்றுமதி செய்துகொள்ளலாம். ஒலிக் கோப்புக்கு எது நேர்ந்தாலும் பெயர்கள் தப்பும். படங்களுக்கும் இதே கவனம் தேவை, ஏனெனில் சில மென்பொருட்கள் முகங்களுக்கு நாம் இட்ட பெயர்களைப் படத்துக்குள் எழுதாமல் தம் தரவுத்தளத்திலேயே வைத்திருக்கும்.

எங்கள் பற்றுச்சீட்டில் "விண்டோஸ் நிறுவல்" என்று மட்டுமே இருக்கிறது. ஃபோர்மட் செய்யக் கூடாது, இன்னின்னவற்றைப் பிரதி எடுக்க வேண்டும் என்பதைச் சீட்டிலேயே எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடும்போது கையில் காட்ட அதுவே இருக்கும்.