ரிலேவுக்குக் காசு வாங்கிவிட்டு ரிலே போடாத கடை: பிக்கப் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பிக்கப்பில் கூடுதல் லைட் மாட்டக் கொடுத்திருக்கிறீர்களா, இல்லை கொடுக்கப் போகிறீர்களா? மிச்சக் காசைக் கொடுத்து வண்டியை எடுப்பதற்கு முன்னால் பானெட்டைத் திறக்கச் சொல்லி, "ரிலே எங்கே இருக்கு, தொட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். கூடுதல் லைட்டின் கரண்ட் வண்டியோடு வந்த வயரில் ஏறாமல் தனி வழியில் வர வைக்கும் சின்னச் சாமான்தான் ரிலே. காட்ட முடியாவிட்டால் வண்டியைக் கடையைவிட்டு வெளியே எடுக்காதீர்கள்.

கோயம்புத்தூரில் ஒரு ஆக்சஸரீஸ் கடை செய்து கொடுத்த வேலையால், லோடு வண்டி ராத்திரியில் கோத்தகிரி மலைப்பாதையில் விளக்கே இல்லாமல் நின்றது. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்கான மனு தயாராகிக்கொண்டிருக்கிறது, பெயர் அங்கே போகட்டும். அவர்கள் என்ன செய்தார்கள், அதை எப்படி மறைத்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரிய வேண்டும். இதே வேலையை இதே மாதிரி வேறு கடைகளிலும் செய்து வைத்திருப்பதை, விசாரித்த இடங்களில் எல்லாம் கேள்விப்படுகிறேன்.

ஊட்டிப் பக்கத்தில் கேரட் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குவது என் தொழில். காலை ஏலத்துக்குள் சரக்கு மண்டியில் இருக்க வேண்டும் என்றால் இருட்டில்தான் மலை இறங்கியாக வேண்டும். கம்பெனி ஹெட்லைட் தரைச் சாலைக்குப் போதும். கொண்டை ஊசி வளைவில், வண்டி திரும்பும் பக்கம் என்ன இருக்கிறது என்று அது காட்டுவதில்லை. குஞ்சப்பனை பக்கம் யானை ரோட்டோரம் நிற்கும். பலாப்பழக் காலத்தில் சொல்லவே வேண்டாம். அதனால் பம்பரில் 55 வாட் ஹாலஜன் டிரைவிங் லைட் இரண்டு மாட்டச் சொன்னேன். பிரைட் போட்டால் எரிய வேண்டும், டிம் போட்டால் அணைய வேண்டும், ரிலே வைத்துத்தான் செய்ய வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுத்தேன். பில்லிலும் "ரிலே வயரிங் கிட்" என்று தனி வரி போட்டு 850 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

சாயங்காலம் வண்டியை எடுக்கும்போது பார்க்க எல்லாம் சுத்தமாக இருந்தது. வயர் எல்லாம் கறுப்பு பிளாஸ்டிக் ஸ்லீவுக்குள் போய், டை போட்டு அழகாகக் கட்டியிருந்தது. பிரைட் போட்டுக் காட்டினார்கள், நாலு லைட்டும் எரிந்தது. அந்த ஸ்லீவுக்குள்தான் ஏமாற்று இருந்தது.

ரிலே என்பது பெரிய விஷயம் இல்லை, நெருப்புப் பெட்டி அளவு சாமான். வாய்க்கால் மதகு மாதிரி வேலை செய்யும். மதகைத் திருப்புவதற்குக் கை போதும், தண்ணீர் கை வழியாக ஓடுவதில்லை. ஹெட்லைட்டின் பிரைட் வயரிலிருந்து ரிலேயின் காயிலுக்கு (உள்ளே இருக்கும் கம்பிச் சுருளுக்கு) மிகச் சிறிய கரண்ட் போகும், கால் ஆம்பியர்கூட ஆகாது. அது ரிலேயை இழுத்துவிட்டதும், புதிய லைட்டுக்கான முழுக் கரண்டும் பேட்டரியிலிருந்து தனி வயரில், தனி ஃபியூஸ் வழியாக வரும். வண்டியோடு வந்த ஸ்விட்ச்சும் வயரும் அந்தப் பாரத்தைச் சுமக்கவே வேண்டாம்.

கடைக்காரர் செய்தது வேறு. கிட்டிலிருந்த லைட் கப்ளர்களை (லைட்டில் செருகும் பிளக்குகளை) மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, ஹெட்லைட்டுக்குப் போகும் பிரைட் வயரின் தோலைச் சீவி, அதிலேயே இரண்டு லைட்டையும் முறுக்கி டேப் அடித்துவிட்டார். ஈயப் பற்று வைக்கும் சால்டர் கிடையாது, உலோகக் குழாயில் நசுக்கி இணைக்கும் கிரிம்ப் கிடையாது. ரிலே, ஃபியூஸ் ஹோல்டர், பேட்டரி வயர் மூன்றும் வண்டியிலேயே இல்லை.

இதில் கணக்கு எளிது. என் வண்டியில் பிரைட் பல்பு ஒன்று 60 வாட், இரண்டுக்கும் சேர்த்து 120 வாட். 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரே 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறது. அதே வயரில் இன்னும் 110 வாட் ஏற்றினால் மொத்தம் 230 வாட், 19 ஆம்பியருக்கு மேல். ஃபியூஸ் தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது. ஆனால் 15 ஆம்பியர் பிளேடு ஃபியூஸில் 19 ஆம்பியர் ஓடினால் அந்த நொடியே அது போய்விடாது. சூடேறி, கொஞ்ச நேரம் தாங்கி, அப்புறம்தான் போகும். கடை வாசலில் அரை நிமிஷம் போட்டுக் காட்டினால் எல்லாம் சரியாகவே இருக்கும். மலையில் பிரைட்டைத் தொடர்ந்து போட்டு ஓட்டும்போதுதான் தெரியும்.

அப்படித்தான் ஆனது. முதலில் ஹெட்லைட் வெளிச்சம் மஞ்சள் தட்டியது. புதிய லைட் எரியும்போது ஹெட்லைட் மங்கியது, அதைக் கழற்றினால் தெளிந்தது. ஒரே வயரில் கரண்ட் இரட்டிப்பானால் வழியில் வோல்டேஜ் விழும். ஹாலஜன் பல்புக்குப் பத்தில் ஒரு பங்கு வோல்டேஜ் குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கூடுதல் லைட் போட்டு இருந்த வெளிச்சத்தையும் இழந்த கதை இது. அப்புறம் ஒரு ராத்திரி பிரைட் மொத்தமாகப் போனது. டிம் இருந்ததால் ஊர்ந்து இறங்கினேன்.

மறுநாள் கடைக்குப் போனேன். "லூஸ் கான்டாக்ட்டுங்கண்ணா, ஃபியூஸ் போயிருக்கு, மாத்திட்டோம், இனி வராது" என்றார்கள். ஐந்து நிமிஷ வேலை. இங்கே அவர்கள் செய்ததைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. நீல நிற 15 ஆம்பியர் ஃபியூஸ் இருந்த இடத்தில் பச்சை நிற 30 ஆம்பியர் ஃபியூஸைச் செருகியிருக்கிறார்கள். ஃபியூஸ் ஏன் போனது என்று பார்க்கவில்லை. இனிமேல் போகாமல் இருக்க வழி செய்துவிட்டார்கள், அவ்வளவுதான். வயரையும் ஸ்விட்ச்சையும் காக்கத்தான் ஃபியூஸ் இருக்கிறது. அதை இரட்டிப்பாக்கினால், அதற்குப் பதிலாக உருகுவதற்கு வேறு ஏதோ ஒன்று காத்திருக்கிறது என்று அர்த்தம். ரிலே போடாதது பண ஏமாற்று. பெரிய ஃபியூஸ் போட்டது உயிரோடு விளையாட்டு. எலக்ட்ரிக்கல் வேலை தெரிந்த எவனும் அறியாமல் செய்யும் காரியம் இல்லை அது.

என் வண்டியில் உருகியது ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் காம்பினேஷன் ஸ்விட்ச். டிம், பிரைட் இரண்டும் அதன் வழியாகத்தான் போகின்றன. வயர் தாங்கினாலும் ஸ்விட்ச்சுக்குள் இருக்கும் சின்னக் காண்டாக்ட் தாங்காது. கரண்ட் இரட்டிப்பானால் அந்தப் புள்ளியில் சூடு நாலு மடங்காகும். முழு லோடோடு இறங்கிக்கொண்டிருந்தபோது பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது. ஓரம் கட்டலாம் என்று இடம் தேடுவதற்குள் ஒரு வளைவுக்கு நடுவிலேயே ஹெட்லைட் முழுதும் போய்விட்டது. டிம்மும் இல்லை, பிரைட்டும் இல்லை, இண்டிகேட்டரும் வேலை செய்யவில்லை. ஸ்டியரிங் கவருக்குள்ளிருந்து புகை வந்தது. மலைப் பக்கம் ஒட்டி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, பேட்டரி வயரைக் கழற்றினேன். அதனால் ஹசார்டுகூட (எல்லா இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னும் எச்சரிக்கை விளக்கு) போட முடியாமல் போனது. மேலேயிருந்து இறங்கி வந்த தேயிலை லாரி டிரைவர் அண்ணன், தன் வண்டியை எனக்குப் பின்னால் ஹசார்டு போட்டு நிறுத்தி, விடியும்வரை கூடவே இருந்தார். அவர் நிறுத்தாமல் போயிருந்தால் பின்னால் வந்த எந்த வண்டிக்கும் நான் அங்கே நிற்பது தெரிந்திருக்காது. அந்த மனிதருக்கு நான் பட்ட கடன் பெரியது.

மேட்டுப்பாளையத்தில் பெரிய லாரிகளுக்கு வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் ஒருவர் ஸ்லீவைக் கிழித்துப் பார்த்தார். "ஏனுங்க, ரிலேன்னு சொன்னீங்களே, பேட்டரியில இருந்து ஒரு வயர்கூட வரலைங்களே" என்றார். டேப்பின் பசை இன்ஜின் சூட்டில் இளகி, முறுக்கிய ஜாயின்ட் வெளியே தெரிந்தது. அது பாடியில் உரசியிருந்தால் 30 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும் நிலையில் வயரே தீப்பிடித்திருக்கும் என்று சொல்லிவிட்டு, எதையும் கழற்றுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார். நல்ல யோசனை. இப்போது மனுவுக்கு அந்தப் படங்கள்தான் பலம்.

கடைக்காரரிடம் படங்களைக் காட்டியபோது அவர் சொன்னது: "வண்டி வயரிங் பழசுங்க. நீங்க பிரைட்டே போட்டு ஓட்டியிருக்கீங்க. லைட் எரிஞ்சுதுங்கள்ல, அப்புறம் எங்க மேல என்னங்க தப்பு?" பிரைட்டோடு எரிவதற்காகவே மாட்டிய லைட்டைப் பிரைட்டோடு போட்டது குற்றமாம். கிட் எங்கே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. லைட்டைக் கழற்றிக் கொடுத்தால் கூலியில் பாதி தருவதாகச் சொன்னார். காம்பினேஷன் ஸ்விட்ச், கருகிய கப்ளர், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 4,000 ரூபாய்க்கு மேல் ஆனது. ஏலத்துக்குப் போய்ச் சேராத சரக்கு தனி.

அந்த மேட்டுப்பாளையம் எலக்ட்ரீஷியன் இப்போது செய்து கொடுத்திருக்கும் வயரிங்கைச் சொல்கிறேன், உங்கள் வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 2.5 ஸ்கொயர் எம்.எம். வயர் கிளம்புகிறது. பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே ஃபியூஸ் ஹோல்டர், அதில் 15 ஆம்பியர். லைட் இரண்டும் எடுப்பது 9 ஆம்பியர் சொச்சம், அதனால் அதுவே போதும். அங்கிருந்து ரிலேயின் 30-ஆம் நம்பர் காலுக்கு. 87-லிருந்து லைட்டுக்கு. 85 எர்த், 86 பிரைட் வயருக்கு, நடுவில் டேஷ்போர்டில் ஒரு சின்ன ஸ்விட்ச், பிரைட் போட்டாலும் தேவையில்லாத இடத்தில் அணைத்து வைக்க. எர்த்தைப் பெயின்ட் சுரண்டிய இடத்தில் போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறார். பிரைட் வயரைத் தொடுவதற்கு முன்னால் அவர் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்ததையும் கவனித்தேன். சில வண்டிகளில் ஹெட்லைட்டின் மைனஸ் பக்கத்தைத்தான் ஸ்விட்ச் செய்வார்களாம், பிளஸ் எப்போதும் இருக்குமாம். அங்கே காயிலை வேறு மாதிரி இணைக்க வேண்டும். இதைப் பார்க்காமல் வயரைச் சீவுகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். எலக்ட்ரானிக் கன்ட்ரோல் யூனிட் ஹெட்லைட்டை நடத்தும் புது வண்டியாக இருந்தால், கம்பெனி சர்வீஸில் கேட்காமல் வெளியில் வயரை வெட்டவே விடாதீர்கள்.

கடை வாசலிலேயே சோதிக்கலாம், கருவி வேண்டியதில்லை. பிரைட் போடும்போது 'டிக்' என்று ரிலே சத்தம் கேட்க வேண்டும். ரிலேயைப் பிடுங்கினால் புதிய லைட் அணைய வேண்டும், ஹெட்லைட் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். ஃபியூஸ் பாக்ஸ் மூடியில் போட்டிருக்கும் அளவும் உள்ளே இருக்கும் ஃபியூஸின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. பத்து நிமிஷம் எரியவிட்டு வயரைத் தொட்டுப் பாருங்கள், சுடக்கூடாது. மல்டிமீட்டர் கையில் இருந்தால் இன்ஜின் ஓடும்போது பேட்டரியிலும் பல்பு கப்ளரிலும் வோல்டேஜ் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைகளில் யாரும் சொல்வதில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 111-ஆம் விதி, முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் மாட்டுவதைத் தடுக்கிறது. 106-ஆம் விதி எதிரே வருபவரின் கண் கூசாதபடி வெளிச்சம் கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. கேபின் மேலே எல்.இ.டி. பார் வைத்துக்கொண்டு மலையில் ஏறி வருபவனின் கண்ணைக் கட்டிப்போடுவது எனக்கும் பிடிக்காது. அது எதிரில் வருபவனைப் பள்ளத்தில் தள்ளும் வேலை. டிம் போட்டதும் கூடுதல் லைட் அணைந்தாக வேண்டும். பனிமூட்டத்தில் இந்த டிரைவிங் லைட் உதவாது, முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். அதற்குத் தாழ மாட்டிய ஃபாக் லைட்டும் டிம்மும்தான். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும் வண்டிக்காரர்கள் மாட்டும் முன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

நம்மைப் போன்ற லோடு வண்டிக்காரர்களுக்கு இன்னொன்று. "வியாபார வண்டிதானே, நீங்க கன்ஸ்யூமரே இல்லை" என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது முழு உண்மை இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, சுயதொழில் செய்து பிழைப்பவர் தன் பிழைப்புக்காகவே வாங்கிப் பயன்படுத்துவதை வணிக நோக்கம் என்று கணக்கில் எடுப்பதில்லை. சொந்தமாக ஓட்டிப் பிழைப்பவர் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். சம்பவம் நடந்த இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். முதலில் 1915 உதவி எண்ணில் பதிவு செய்தாலும் சரி.

அதற்கெல்லாம் பில் வேண்டும். "எஸ்டிமேட்" என்று எழுதிக் கொடுக்கும் துண்டுச் சீட்டை வாங்காதீர்கள். பில்லில் ரிலே, ஃபியூஸ், வயர், கூலி என்று தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். என் பில்லில் அந்த 850 ரூபாய் வரி இல்லாமல் இருந்திருந்தால் அவர்கள் ரிலேயைப் பற்றிப் பேசவே இல்லை என்று சாதித்திருப்பார்கள். கருகிய பாகத்தையும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். உருகிய ஸ்விட்ச்சையும், கப்ளரையும், அந்தப் பச்சை ஃபியூஸையும், எலக்ட்ரீஷியன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சீட்டோடு ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறேன். மனுவோடு அதுவும் போகிறது.