அடினைனா, குவானைனா: செல்லுக்குள் யார் கை ஓங்கியிருக்கிறது?

அடினைனை ஆற்றலின் நாயகனாகக் கொண்டாடும் பாடப்புத்தகங்கள், குவானைனை டி.என்.ஏ. பாடத்தோடு மறந்துவிடுகின்றன. இது சரியான தீர்ப்பாக எனக்குப் படவில்லை.

டி.என்.ஏ.வின் எழுத்துகளான நான்கு காரங்களில் இவை இரண்டும் பியூரின்கள், அதாவது இரட்டை வளைய மூலக்கூறுகள். ஆறாம் கார்பனில் அடினைனுக்கு அமினோ தொகுதி. குவானைனுக்கு அங்கே ஆக்சிஜன், அமினோ தொகுதியோ இரண்டாம் கார்பனில். அதனால் டி.என்.ஏ.வில் அடினைன் தைமினை இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளாலும், குவானைன் சைட்டோசினை மூன்றாலும் பிடித்துக்கொள்கின்றன.

ஆற்றலில் அடினைனுக்குத் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. அடினைனோடு சர்க்கரையும் மூன்று பாஸ்பேட்டும் சேர்ந்த ஏ.டி.பி.யோ, குவானைனோடு அவை சேர்ந்த ஜி.டி.பி.யோ, கடைசி பாஸ்பேட் நீராற்பகுப்பில் பிரியும்போது திட்ட நிலையில் கிடைப்பது மோலுக்குச் சுமார் 30 கிலோஜூல்தான். ஒன்றின் பாஸ்பேட்டை மற்றதற்கு ஏறக்குறைய இழப்பின்றி மாற்றிக்கொடுக்கவும் ஒரு நொதி உண்டு. பிறகு ஏன் எங்கும் ஏ.டி.பி.? நொதிகளுக்குத் துணைசெய்யும் என்.ஏ.டி., எஃப்.ஏ.டி., கோஎன்சைம் ஏ ஆகிய மூலக்கூறுகளிலும் அடினைன் இருக்கிறது. வினையில் நேரடியாகக் கலந்துகொள்ளாமல், நொதி பற்றிக்கொள்ளும் கைப்பிடியாக மட்டும். உயிர் தோன்றும் முன்பே அடினைன் எளிதில் உருவாகியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். 1960இல் வேதியியலாளர் ஜோன் ஓரோ அம்மோனியம் சயனைடு கரைசலைச் சூடாக்கியே அதைப் பெற்றார். (ஏ.டி.பி.யை 1929இல் ஜெர்மனியில் லோமன் ஒருபுறமும், ஹார்வர்டில் ஃபிஸ்க்கும் சுப்பாராவும் மறுபுறமும் கண்டறிந்தனர். சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.)

வேலையின் அளவைப் பார்த்தால் அடினைன்தான். நேரம் பார்த்துச் செய்யவேண்டிய வேலை என்றால் என் வாக்கு குவானைனுக்கு. செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமுக்கு அமினோ அமிலத்தைக் கொண்டுவரும் புரதம், குறியீடு பொருந்திய பிறகே தன் ஜி.டி.பி.யை உடைத்து விலகுகிறது. பொருந்தாதது பெரும்பாலும் அதற்குள் கழன்றுவிடும். ராஸ் புரதத்தில் ஜி.டி.பி. இருக்கும்வரை ‘செல்லே, பெருகு’ என்ற சைகை தொடரும், உடைந்தால் அடங்கும். உடைக்கும் திறனை ராஸ் இழக்கும் மரபுப் பிறழ்வு பல புற்றுநோய்களில் காணப்படுகிறது. செல்லுக்குச் சட்டகமாக இருக்கும் நுண்குழல்களின் நுனியிலும் ஜி.டி.பி. தாங்கிய டியூபுலின் என்ற கட்டுமானப் புரதம் தீர்ந்துபோனால் குழல் மளமளவென்று சரிகிறது.

குவானைனுக்கு ஒரு பலவீனமும் உண்டு. நான்கு காரங்களில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைவது அதுதான். அப்படி மாறியபின் சைட்டோசினை விட்டு அடினைனோடு இணைந்து, மரபுச் செய்தியில் பிழையைப் புகுத்துகிறது.

போட்டி என்று பேசினாலும், ஐ.எம்.பி. என்ற ஒரே முன்னோடியிலிருந்துதான் செல் இரண்டையும் தயாரிக்கிறது. அடினைன் பக்கம் திரும்ப ஜி.டி.பி. செலவாகிறது, குவானைன் பக்கம் திரும்ப ஏ.டி.பி. செலவாகிறது. ஒன்று வற்றினால் மற்றதன் உற்பத்தியும் தளர்ந்துவிடும்.