பழைய ஸ்டீம் இன்ஜின் மாடலுக்கு காசு எதுல போடறது: சர்வீஸா, ரீவைண்டிங்கா, புது மோட்டாரா, டிசிசியா?

செகண்ட் ஹேண்ட்ல கம்மி வெலைக்கு ஒரு பழைய ஸ்டீம் இன்ஜின் கைக்கு வந்துருச்சு, திக்கித் திக்கி ஓடுது, இதுக்கு புது மோட்டார் போடலாமா இல்ல ஒரே அடியா டிசிசிக்கு (ஒரே தண்டவாளத்துல ஒவ்வொரு இன்ஜினையும் தனித்தனியா டிஜிட்டல் சிக்னல்ல ஓட்டற முறை) போயிரலாமான்னு நம்ம பக்கம் மாடல் ரயில் ஆசை இருக்கறவங்க நெம்பப் பேரு கேக்கறாங்க. என்ற பதில் ஒண்ணுதாங்க, மோட்டாருக்கு கரன்ட்டு ஒழுங்கா போகுதான்னு பாக்காம மோட்டாரை மாத்தறது வீண் செலவு. ஆனா அதுக்காக மத்த வழியெல்லாம் தப்புன்னு சொல்லலை, எந்த இன்ஜினுக்கு எதுன்னு பிரிச்சுப் பாக்கலாம் வாங்க.

பேசறதுக்கு ஒரு இன்ஜினை எடுத்துக்கலாம், டிரையாங்ங்கற பிரிட்டிஷ் கம்பெனியோட ஜின்டி மாடல். ஆறு சக்கர டேங்க் இன்ஜின், 1:76 அளவு, 16.5 மில்லி தண்டவாளம், 12 வோல்ட் டிசி, உள்ள எக்ஸ்04-னு சொல்ற ஓப்பன் ஃப்ரேம் (மூடி இல்லாத) மோட்டார், மூணு போல் ஆர்மேச்சர் (மூணு காயில் சுத்துன, சுழல்ற பாகம்), ஷாஃப்ட்லயே வார்ம் கியர் (திருகு மாதிரி பல்லு). இந்த மாதிரி பழசு எல்லாத்துலயும் விசயம் கிட்டத்தட்ட இதேதான்.

மொதல்ல சர்வீஸ். இதுக்கு செலவு டீ காசுதான், ஆனா பலன் மத்த எல்லாத்தையும் விட ஜாஸ்தி. இந்த இன்ஜின்ல ஒரு பக்கத்து சக்கரம் சேசிஸ் வழியா கரன்ட்டு எடுக்கும், இன்னொரு பக்கம் மட்டும் வைப்பர் தகடு தொட்டு எடுக்கும், அந்தத் தகட்டுல கறுப்புப் படிஞ்சாலோ சித்த வளைஞ்சு போனாலோ இன்ஜின் நடுங்கும், பாயின்ட்டு (தண்டவாளம் பிரியற எடம்) நடுவுல பிளாஸ்டிக் வர்ற எடத்துல அப்படியே நின்னுரும், பாக்கறவங்க மோட்டார் போச்சுன்னு நெனச்சுக்குவாங்க. ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல சக்கரத்தைத் தொடச்சு, வைப்பர் தகட்டை நிமித்தி, மூணு அச்சுலயும் தொடற மாதிரி பாஸ்பர் பிரான்ஸ் தகடு கூடுதலா வச்சு சால்டர் பண்ணீங்கன்னா பாதி சீக்கு அங்கயே தீந்துரும். அந்தத் தகடு பழைய ரிலேக்குள்ளயே கெடைக்கும். எமரி பேப்பர் போட்டு சக்கரத்தைத் தேய்க்காதீங்க, அந்தக் கீறல்லதான் பொறவு அழுக்கு ஏறும்.

நம்ம ஊருக்குன்னே ஒரு பிரச்சனை இருக்கு, பஞ்சு. திருப்பூர், கோயமுத்தூர்ல மில்லு, பனியன் கம்பெனி பக்கத்துல வீடுன்னா காத்துல வர்ற பஞ்சு எண்ணெயோட சேந்து அச்சுலயும் வார்ம்லயும் சுத்திக்கும், சாமணம் வச்சு ஒவ்வொரு இழையா எடுக்கணும். எண்ணெய் தையல் மிஷின் எண்ணெய்தான், ஊசி முனைல ஒரு சொட்டு. வீட்டுல இருக்குதேன்னு தேங்கா எண்ணெயை விட்டுடாதீங்க, மார்கழி குளிர்ல கெட்டியாகும், நாள்பட்டா பிசின் மாதிரி புடிச்சுக்கும். கம்யூட்டேட்டர் (பிரஷ் தொட்டு ஆர்மேச்சருக்கு கரன்ட்டு குடுக்கற செம்புத் தகடு) இடுக்குல இருக்கற கார்பன் தூளை பல்குச்சில எடுத்துட்டா சர்வீஸ் முடிஞ்சுது.

இதெல்லாம் பண்ணியும் மோட்டார் சூடாகுது, வேகமா ஓடுது ஆனா இழுக்க மாட்டேங்குதுன்னா அது காந்தத்தோட பிரச்சனை. காந்தம் வலு கொறஞ்சா எதிர் வோல்டேஜ் (மோட்டார் சுத்தறப்ப அதுவே எதிரா உண்டாக்கறது) கொறையும், அதனால சும்மா ஓடறப்ப வேகம் கூடும், கரன்ட்டும் கூட இழுக்கும், பாக்க நல்லா ஓடற மாதிரி தெரியும், நாலு பொட்டி மாட்டுனா படுத்துக்கும். சின்ன நியோடைமியம் காந்தத்தை ரெண்டு பக்கமும் இரும்புத் துண்டு வச்சு அந்த எடத்துல ஒக்கார வச்சா கரன்ட்டு கொறஞ்சு இழுவை வந்துரும். ஆனா அளவுக்கு மீறி வலுவான காந்தம் போட்டா மூணு போல் ஆர்மேச்சர் ஒவ்வொரு போலா வெட்டி வெட்டிச் சுத்தும், மெதுவா ஓட்டற சுகம் போயிரும், அதனால சின்னதுல ஆரம்பிங்க. இன்னொண்ணு, பழைய காந்தத்தை சும்மா கழட்டி வெளிய வச்சா அதுவே வலு எறங்கும், கழட்டறப்ப குறுக்க ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்துத்தான் எடுக்கணும்.

அடுத்தது ரீவைண்டிங், அதாவது ஆர்மேச்சர்ல கம்பியை மறுபடி சுத்தறது, இந்த விசயத்துல நம்ம ஊரு மத்த ஊரு மாதிரி இல்லீங்க. வேற ஊருல ஆர்மேச்சர் போச்சுன்னா மோட்டாரை தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கச் சொல்லுவாங்க. கோயமுத்தூரு பம்பு செட்டு, கிரைண்டர் மோட்டார் சுத்தற ஊரு, ஆவாரம்பாளையம், கணபதி பக்கம் போனா லேத்து, வைண்டிங் தெரிஞ்ச கைக்குப் பஞ்சமில்ல. பெரிய மோட்டார் சுத்தறவங்க இத்துனூண்டு ஆர்மேச்சரைப் பாத்து வேண்டாம்பாங்க, மிக்சி ஆர்மேச்சர் சுத்தறவங்களைத் தேடிப் புடிங்க. போறதுக்கு முன்னாடி மீட்டர் வச்சு ஒருக்கா பாத்துக்கங்க, கம்யூட்டேட்டர்ல மூணு தகடு இருக்கும், ரெண்டு ரெண்டா வச்சு அளந்தா மூணு ரீடிங்கும் ஒண்ணா வரணும், ஒண்ணு மட்டும் மத்ததை விட ரெண்டு மடங்கா இருந்தா ஒரு காயில் அந்து போச்சுன்னு அர்த்தம். மூணும் ஒண்ணா இருந்தா ரீவைண்டிங்குக்கு காசு குடுக்கறதுல பெரும்பாலும் அர்த்தமில்ல. சுத்தக் குடுத்தா அதே தடிமன் கம்பி, மூணு போலுக்கும் ஒரே எண்ணிக்கை சுத்துன்னு அழுத்திச் சொல்லிருங்க, இல்லாட்டி ஆர்மேச்சர் ஆடும்.

இப்ப புது மோட்டார். ரோபோ பார்ட்ஸ் விக்கற எடத்துல என்20-ன்னு ஒரு குட்டி கியர் மோட்டார் சில நூறு ரூபாய்க்கு கெடைக்குது, 12 மில்லி அகலம் 10 மில்லி ஒசரம், ஜின்டிக்குள்ள தாராளமா ஒக்காரும், எல்லாரும் அதைத்தான் வாங்கறாங்க. ஆனா வாங்கறதுக்கு முன்னாடி ஆர்பிஎம் (நிமிசத்துக்கு எத்தன சுத்து) கணக்கு போடுங்க. நிஜத்துல மணிக்கு 60 கிலோமீட்டர்னா நொடிக்கு 16.7 மீட்டர், 76-ஆல வகுத்தா 22 சென்டிமீட்டர், ஜின்டி சக்கரம் 18 மில்லி பக்கம், சுத்தளவு அஞ்சரை சென்டிமீட்டருக்கு சித்த மேல, அப்ப சக்கரம் நொடிக்கு நாலு சுத்து, நிமிசத்துக்கு 235 பக்கம். அதாவது 300 ஆர்பிஎம் என்20 வாங்கினா நேரா அச்சுக்கு ஒண்ணுக்கு ஒண்ணு கியர்ல குடுக்கணும், பழைய வார்மையும் வச்சுக்கிட்டு அதுக்கு மேல இந்த கியர் பாக்ஸையும் மாட்டுனா நத்தை கூட முந்திரும். வார்மை வச்சுக்கணும்னா கியர் பாக்ஸ் இல்லாத வேகமான கேன் மோட்டார் (தகர டப்பாக்குள்ள மூடுன மோட்டார்) தான் சரி, அப்ப பழைய வார்மோட துளை புது ஷாஃப்ட்டுக்கு பொருந்தாது, லேத்துல ஒரு புஷ் கடைஞ்சு போடணும், ஒசரமும் அரை மில்லி கூட தப்பாம பாக்கணும்.

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா, காந்தம் மாத்துன பழைய எக்ஸ்04 சத்தம் கம்மி, ஆயுசு ஜாஸ்தி, பிரஷ்ஷும் ஸ்பிரிங்கும் மாத்திக்கிட்டே இருக்கலாம். என்20 ஊர்ந்து போறதுல கெட்டிக்காரன், கரன்ட்டு கொஞ்சமாத்தான் இழுக்கும், ஆனா கியர் சத்தம் கரகரன்னு வரும், போச்சுன்னா பிரிச்சு சரி பண்ண முடியாது. ஆர்மேச்சரும் போயி காந்தமும் போயிருந்தாத்தான் நான் புது மோட்டார் பக்கம் போவேன்.

இழுவைக்கு எடை கூட்டறதா, சக்கரத்துக்கு ரப்பர் டயர் போடறதான்னா எடைதாங்க. ரப்பர் போட்ட சக்கரம் கரன்ட்டு எடுக்காது, இருக்கற ஆறுல ரெண்டு போயிருச்சுன்னா மறுபடியும் திக்கல். ஈயத்தை பாய்லருக்குள்ள வைங்க, நடு அச்சுக்கு மேல பாரம் விழுகற மாதிரி. ஊட்டி மலை ரயில் மாதிரி செட்டப் போட ஆசைப்படறவங்க ஒண்ணு கவனிங்க, கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் ஏத்தம் அதிகபட்சம் 8.33 சதவீதம், அதுக்குத்தான் அங்க பல்சக்கரம். மாடல்ல வெறும் சக்கரத்தை வச்சு 3 சதவீதம் ஏறுனாலே சமதளத்துல இழுத்த பொட்டில பாதி கூட இழுக்காது.

அந்த ஊட்டி ரயிலையே பாருங்க, ஸ்விட்சர்லாந்து வின்டர்தூர்ல செஞ்ச எக்ஸ் கிளாஸ் இன்ஜினுக்கு நிலக்கரியை எடுத்துட்டு எண்ணெய் பர்னர் வச்சாங்க, பொறவு திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்புல அதே டிசைன்ல புதுசும் கட்டுனாங்க. அடிப்படை டிசைன் நல்லா இருந்தா அதை வச்சுக்கிட்டே மேல போறதுதான் எனக்குப் புடிச்ச வழி, ஜின்டியோட சேசிஸும் அந்த ரகம்தான்.

கடைசியா டிசிசி. இன்ஜினுக்குள்ள வச்சு சிக்னலைப் புரிஞ்சு மோட்டாரை ஓட்டற டிகோடர் சில ஆயிரம், சத்தத்தோட வேணும்னா பத்தாயிரம் பக்கம், கன்ட்ரோல் பெட்டி தனி. பணத்தை விடுங்க, எக்ஸ்04-ல ஒரு பிரஷ் நேரா சேசிஸைத் தொட்டுக்கிட்டு இருக்கு, அப்படியே டிகோடரைக் கோத்தா அது அந்த நிமிசமே எரிஞ்சுரும், ரெண்டு பிரஷ் ஸ்பிரிங்குக்கும் இன்சுலேஷன் ஸ்லீவ் போட்டாகணும். இன்ஜினைக் கையால அமுக்கி நிறுத்தி 12 வோல்ட்ல எத்தன கரன்ட்டு இழுக்குதுன்னு ஒரு நொடி அளந்து பாருங்க, சாதாரண டிகோடர் தாங்கறது 1 ஆம்பியர் பக்கம்தான், பழைய மோட்டார் நின்னா அதைத் தாண்டிரும். காந்தம் மாத்துனா சும்மா ஓடற கரன்ட்டுதான் கொறையும், நிக்கறப்ப இழுக்கறது அப்படியேதான் இருக்கும். அதனால டிசிசி கட்டாயம் வேணும்னா அந்த எடத்துல மட்டும் கேன் மோட்டார் ஜெயிச்சுருது, அதுல ரெண்டு முனையும் தனியா இருக்கறதால ஸ்லீவ் தொல்லையும் இல்ல.

ஒரே ஒரு இன்ஜின் ஓட்டறவங்களுக்கு டிசிசி தேவையே இல்லீங்க. ரெண்டு மூணு இன்ஜின் ஒரே லூப்புல வேணும், சத்தம் வேணும்னா அந்தக் காசுக்கு டிகோடரை நேரா சொருகற எட்டு பின் சாக்கெட்டோட வர்ற இன்ஜின் ஒண்ணை செகண்ட் ஹேண்ட்ல தேடுங்க, ஜின்டியை டிசி லூப்புல தனியா விடுங்க. ரெண்டு லூப்பும் சேர்ற எடத்துல ரெண்டு தண்டவாளத்துக்கும் பிளாஸ்டிக் ஜாயினர் போட மறந்துராதீங்க, அந்த எடத்துல இன்ஜினை நிறுத்தவும் வேண்டாம், ஓட்டித் தாண்டவும் விடாதீங்க, டிசி கன்ட்ரோலரும் டிசிசி பெட்டியும் சக்கரம் வழியா தொட்டுக்கிட்டா ரெண்டுல ஒண்ணு காலி.