புதுக் காரின் மேல் ஒட்டிய படலம்: யாழ்ப்பாணத்தில் செய்வித்த ஒரு பி.பி.எப். வேலை

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின்னர், யாழ்ப்பாணத்து வீதிகளில் புது வாகனங்கள் தென்படத் தொடங்கின. அவற்றின் பின்னாலேயே பெயின்ற் பாதுகாப்புப் படலம், அதாவது பி.பி.எப்., ஒட்டித்தரும் விளம்பரங்களும் வந்துசேர்ந்தன. வரிகளோடு சேர்த்து இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய காரில், ஏ9 வீதியில் முன்னே செல்லும் ரிப்பரிலிருந்து தெறிக்கும் சல்லி வடுப்போட்டுவிடக் கூடாது என்று எண்ணுவது நியாயமானதே. எங்கள் கருநீல ரொயோட்டா றைஸுக்கு நகரை அண்டிய ஒரு கடையில் பொனற், முன் பம்பர், மட்கார்ட்டுகள், கதவுகள், கதவுப் படிகள் ஆகியவற்றுக்கு இதை ஒட்டுவித்தோம். கடைக்காரருடனான கணக்கு பேசித் தீர்ந்துவிட்டதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். ஆனால் வேலை மோசம். அது எப்படி மோசமானது என்பதைச் சொல்வது, இதே செலவைச் செய்யவிருப்பவர்களுக்குப் பயன்படும்.

முதலில் படலத்தைப் பற்றி. அதில் எனக்குக் குறையில்லை. நல்ல பி.பி.எப். தெர்மோபிளாஸ்ரிக் பொலியூரித்தேனால் ஆனது. பெரும்பாலும் 150 முதல் 200 மைக்ரோன் தடிப்புடையது. அதன் மேற்பூச்சில் விழும் மெல்லிய கீறல்கள் சூடு பட்டதும் மறைந்துவிடும். கடையில் ஒரு மாதிரித் துண்டைக் கம்பித் தூரிகையால் உரசி, சுடுநீர் ஊற்றி, கீறல் மறைவதை எங்கள் கண்முன்னே காட்டினார்கள். காட்சி உண்மையானதுதான். ஆயினும் அது படலத்தைச் செய்த தொழிற்சாலையின் திறமையைக் காட்டுகிறதேயன்றி, அதை ஒட்டப்போகும் கையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. பத்து ஆண்டு உத்தரவாதம் என்று அட்டையில் அச்சிட்டிருந்ததும் அதே வகைதான்: மஞ்சளாதல், வெடித்தல், உரிதல் போன்ற பொருட்குறைகளுக்கே அது செல்லும், ஒட்டிய விதத்தில் வந்த பிழையை அதில் தேடிப் பயனில்லை.

காரை எடுத்து வந்த அன்று பொனற் முழுவதும் சிறு குமிழிகள் இருந்தன. "அண்ணை, ரெண்டு கிழமை வெயிலுக்கை விடுங்கோ, எல்லாம் அமர்ந்திடும்" என்றார் கடைக்காரர். இந்தப் பதிலில் பாதி சரி. படலத்தை ஒட்டும்போது அது வழுக்கி நகர்வதற்காகச் சவர்க்காரம் கலந்த நீரைத் தெளிப்பார்கள். ரப்பர் தகட்டால் தள்ளியும் வெளியேறாத நீர், நாட்போக்கில் படலத்தினூடாக ஆவியாகிவிடும். காற்றுக் குமிழி அப்படிப் போகாது. தூசி ஒருபோதும் போகாது. நடுவில் ஒரு மணல் துணிக்கை நிற்க, அதைச் சுற்றிப் படலம் கூடாரம் அடித்தது போல எழும்பி நின்றால், எத்தனை வெயில் காய்ந்தாலும் அது அப்படியே இருக்கும். கருநீல நிறத்தில், மாலை வெயில் சாய்வாக விழும்போது எங்கள் பொனற்றில் அவை ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தன. கேட்ட தவணையைக் கொடுத்த பின்பு நீர்க் குமிழிகள் போய்விட்டன, மற்றவை எஞ்சின.

இவை எங்கிருந்து வந்தன என்பதற்கு வேலை நடந்த இடமே பதில். தகரக் கூரை, வீதிப் பக்கம் திறந்த முகப்பு, பக்கத்தில் செம்மண் வளவு. வலிகாமத்துச் செம்மண் தூசியைப் பற்றி உள்ளூர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. பங்குனி வெயிலில் தகரத்தின் கீழே வாகனத்தின் இரும்பும் சூடேறியிருக்கும். தெளித்த நீர் நேரத்துக்கு முன்பே காய்ந்து, பசை தொட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு படலத்தை இழுத்துச் சரிசெய்ய முயன்றால் பசையில் கோடு விழும். எங்கள் பம்பரின் வளைவில் அப்படியான கோடுகள் வரிசையாகக் கிடந்தன. இன்னொன்று, தண்ணீர். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருவது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளையை எல்லோரும் அறிவோம். அதே நீரைத் தெளிப்பான் போத்தலில் நிரப்பினால் நீர் ஆவியாகி உப்பு உள்ளேயே தங்கும். வாளியில் அள்ளிய கிணற்று நீரையே பயன்படுத்தினார்கள் என்பதைக் கேட்டறிந்தோம். கதவுகளில் தெரிந்த மங்கலான வெண்திட்டுகளுக்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. காய்ச்சி வடித்த நீர்ப் போத்தல்கள் சிலவற்றுக்கு என்ன பெரிய செலவு?

விளிம்புகள் வேறு கதை. பொனற்றின் ஓரத்தில் படலத்தை உட்புறமாக மடித்து ஒட்டியிருக்க வேண்டும்; இங்கே ஓரத்திலேயே நிறுத்தியிருந்தார்கள். மட்கார்ட்டின் முனையில் அது எழும்பியபோது ஹீற் கன்னால் சூடாக்கி அழுத்திவிட்டார்கள். அதிகமாக இழுத்து ஒட்டிய படலம் பழைய அளவுக்குத் திரும்பவே பார்க்கும். மறு கிழமையே அதே முனை, இப்போது அடியில் அழுக்குக் கோட்டுடன், மீண்டும் எழும்பியது.

இவ்வளவும் கழற்றி எறியக்கூடிய குறைகள். கழற்ற முடியாதது கத்தி. வாகனத்தின் வடிவத்துக்கேற்ப, புளொட்டர் எனப்படும் கணினி வெட்டும் இயந்திரத்தில் முன்கூட்டியே வெட்டிய துண்டுகளை ஒட்டுவது ஒரு முறை. பெரிய துண்டைப் போர்த்தி, வாகனத்தின் மேலேயே கத்தியால் ஓரம் வெட்டுவது இன்னொரு முறை. இரண்டாவதைத் தேர்ந்த கை செய்தால் பழுதில்லை. படலத்தை மட்டும் அறுத்து நிறுத்தும் அழுத்தம் அந்தக் கைக்குத் தெரியும். ஆனால் தொழிற்சாலைப் பெயின்றின் மேலுள்ள, கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற பூச்சு ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரோன்தான்; ஒட்டும் படலத்தின் மூன்றிலொரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. எங்கள் காரில் ஹெட்லைற்றை ஒட்டி, மட்கார்ட்டின் மேல் ஒரு விரல் நீளத்துக்கு மயிரிழைக் கோடு ஒன்று விழுந்திருந்தது. நகத்தை மெல்லக் குறுக்கே இழுத்தபோது நகம் அதில் தடக்கியது. நகம் தடக்கினால் பொலிஷ் போட்டு மறைக்க முடியாது. பெயின்றைக் காப்பதற்குக் கொடுத்த பணமே பெயின்றை வெட்டியது என்பதுதான் இந்த வேலையில் என்னால் மன்னிக்க முடியாத பகுதி.

கடைக்காரரைப் பற்றி நியாயமாகவும் சொல்ல வேண்டும். அவர் மறைந்து திரியவில்லை. மரியாதை குறைத்துக் கதைக்கவும் இல்லை. பொனற்றை மட்டும் மீண்டும் ஒட்டித் தருவதாக முதலில் சொன்னார். அதே கொட்டகையில், அதே வாளி நீரில் செய்தால் அதே பலன்தான் வரும் என்று மறுத்தோம். பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களையும் பற்றுச்சீட்டையும் முன்னால் வைத்து, சேவையை உரிய கவனத்துடனும் திறமையுடனும் வழங்கும் கடப்பாடு 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அவருக்கு உண்டு என்பதையும், அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தையும் அமைதியாக நினைவூட்டிய பின்னரே பேச்சு பணத்தின் பக்கம் திரும்பியது. கூலி முழுவதையும் படலத்தின் விலையில் ஒரு பகுதியையும் திருப்பித் தந்தார். பற்றுச்சீட்டில் எந்தெந்தப் பாகம், என்ன படலம் என்று எழுதுவித்திருந்தது மிகவும் உதவியது.

கழற்றும் வேலையை வேறோரிடத்தில் செய்வித்தோம். நீராவியால் மிதமாகச் சூடாக்கி, படலத்தை மேலே தூக்காமல் பின்புறமாக மடக்கி, தாழ்ந்த கோணத்தில் பொறுமையாக இழுத்தார்கள். தொழிற்சாலைப் பெயின்ற் என்பதாலும் படலம் பழசாகவில்லை என்பதாலும் பசை அதிகம் எஞ்சவில்லை. விபத்துக்குப் பின் மீள் பெயின்ற் அடித்த வாகனமாயின் இந்தக் கட்டத்தில் கிளியர் கோட்டும் சேர்ந்து உரியக்கூடும். அத்தகைய வாகனத்தை வைத்திருப்பவர்கள் ஒட்டுவதற்கு முன்பே இதை யோசிப்பது நல்லது.

இப்போது முகப்புப் பாகங்களுக்கு மட்டும், கதவடைத்த அறையும் புளொட்டரும் உள்ள கொழும்புக் கடையொன்றில் ஒட்டுவிக்க நாள் குறித்திருக்கிறோம். மட்கார்ட்டின் கோட்டுக்கு வாகனத்தின் நிற இலக்கத்துக்குரிய டச்சப் பெயின்றை வைத்தாயிற்று. அருகில் குனிந்து பார்த்தால் தெரியும். பழைய கடையில் உட்புறச் சுத்திகரிப்பு நன்றாகச் செய்கிறார்கள், அதற்கு இனியும் போவேன், படலத்துக்குப் போகமாட்டேன். கதவுப் படிகளில் அவர்கள் ஒட்டியது மட்டும் சமதளம் என்பதால் குறையின்றி இருக்கிறது. அதை அப்படியே விட்டிருக்கிறோம்.