12-க்கு ஒன்றா, 8-க்கு ஒன்றா?

டெக்சாஸில் இருக்கும் மச்சான் கயோட்டி (ஓநாய் இனத்துச் சிறு விலங்கு) வேட்டைக்கு .223 அளவு ரைபிள் வாங்கப் போகிறார். (இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்தப் பேச்சே கிடையாது.) தண்டையார்பேட்டை லேத் பட்டறையில் பிட்ச் (திருகின் புரி இடைவெளி) பார்த்தே பழகியவன் என்பதால் என்னிடம் கேட்டார்: பேரல் புரி (குண்டைச் சுழல வைக்க உள்ளே வெட்டிய பள்ளம்) 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றா, 8 அங்குலத்துக்கு ஒரு சுற்றா?

எல்லோரும் குண்டின் எடையைச் சொல்வார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது நீளம். நீளமான குண்டு நேராகப் பறக்க அதிகச் சுழற்சி வேண்டும்; அங்குலம் குறையக் குறையச் சுழற்சி கூடும். 1879-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் கிரீன்ஹில் கொடுத்த சூத்திரமும் நீளத்தைத்தான் கேட்கிறது. முக்கால் அங்குல நீளமுள்ள 55 கிரெயின் (குண்டின் எடை அளவு; ஒரு கிராமுக்குச் சுமார் 15) குண்டுக்கு 12 தாராளம். ஒரு அங்குலத்தை நெருங்கும் 77 கிரெயினை அதில் சுட்டால் குண்டு தள்ளாடி, அட்டையில் வட்டத் துளைக்குப் பதில் பக்கவாட்டுக் கிழிசல் விழும். குளிர்காற்று அடர்த்தி கூடியது, அங்கே இன்னும் மோசம். அமெரிக்க ராணுவ ரைபிளான எம்16-இன் பேரலை 14-இலிருந்து 12-க்கு மாற்றியது அதனால்தான்.

8-இல் இரண்டு வகையும் ஓடும். மெல்லிய உறை போட்ட லேசான குண்டை மிக வேகமாக விட்டால் மட்டும் நடுவானில் சிதறலாம்.

அதனால் 8-ஐத்தான் வாங்கச் சொன்னேன். 40, 50 கிரெயின் மட்டுமே சுடுபவருக்கு 12 போதும்.

பழைய ரைபிள் என்றால் விற்பவர் பேச்சை நம்ப வேண்டாம். குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சுழலும் பிடியுள்ள கிளீனிங் கம்பியில் இறுக்கமாகத் துணி சுற்றி உள்ளே தள்ளுங்கள். கம்பி ஒரு முழுச் சுற்று திரும்ப எத்தனை அங்குலம் போகிறது என்று டேப் வைத்து அளந்துவிடலாம்.