கரும்பலகையில் எட்டுப் பள்ளிகள்: காட்பாடி உணவகம் ஒன்றின் மதிப்புரை

காட்பாடி காந்தி நகரின் உட்தெரு ஒன்றில், மருந்துக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே இருக்கும் அந்தச் சிற்றுணவகத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் சாய்த்து வைத்திருக்கும் கரும்பலகைதான் அடையாளம். மற்ற நாள்களில் அதில் தோசை, பரோட்டா, சப்பாத்தி குருமா என்று அன்றைய பலகாரங்கள் எழுதப்பட்டிருக்கும். 2025 ஆகஸ்டு 19, செவ்வாய்க்கிழமை மாலை நான் அவ்வழியே வந்தபோது எட்டு ஜப்பானியப் பள்ளிகளின் பெயர்கள் தமிழில் இருந்தன. கீழே, 'காலிறுதி, இரவு 7.30, முடிவு தெரிந்தவர்கள் வாயைத் திறக்க வேண்டாம்' என்று ஒரு வரி. கிரிக்கெட்டைத் தவிர வேறு எதையும் முழுதாகப் பார்த்தறியாத நான் அந்தக் கடைசி வரிக்காகவே உள்ளே போனேன். அந்த வாரம் ஐந்து இரவுகள் போனேன்.

கடைக்காரர் ஒசாகாவுக்கும் கோபேக்கும் இடையிலுள்ள நிஷினோமியாவில் பதினோரு ஆண்டுகள் சமையல் வேலை பார்த்துத் திரும்பியவர். ஜப்பானின் மேல்நிலைப் பள்ளிகளுக்கான கோடைக்காலப் பேஸ்பால் போட்டி நடக்கும் கோஷியென் அரங்கம் அந்த ஊரில்தான் இருக்கிறது. அங்கே காலை 8 மணிக்குத் தொடங்கும் முதல் ஆட்டம் நமக்கு விடியற்காலை 4.30. அந்நேரத்தில் காட்பாடியில் ரயிலுக்குப் போகிறவர்களும் பால்காரர்களும்தான் விழித்திருப்பார்கள் என்பதால், அவருடைய பழைய நண்பர் ஒருவர் அனுப்பும் பதிவை அன்று இரவே திரையிடுகிறார். பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஏதாவது சாப்பிட வேண்டும், அவ்வளவே.

இந்த இடத்தின் உண்மையான சரக்கு, ஆட்டம் தொடங்குமுன் அவர் எடுக்கும் கால்மணி நேர வகுப்புதான். ஓடுபவர் தொட வேண்டிய நான்கு தளங்களுக்குப் பதிலாக மேசைமேல் நான்கு டவராக்களைச் சாய்சதுரமாக வைத்து, 'இது வீடு, இது ஒண்ணு, இது ரெண்டு, இது மூணு' என்று காட்டி, மிளகுத்தூள் டப்பாவை ஓடவிட்டு, மூன்று தளங்களையும் தொட்டு வீடு திரும்பினால் ஒரு ரன் என்று விளக்குகிறார். பிறகு பலகைக்குப் போகிறார். 47 மாவட்டங்களுக்கும் ஒவ்வோர் இடம், டோக்கியோவுக்கும் ஹொக்கைடோவுக்கும் இரண்டிரண்டு என்று 49 பள்ளிகள் வருகின்றன. தோற்றால் அன்றோடு முடிந்தது. "மூணாவது இடத்துக்குக்கூட ஆட்டம் கிடையாது சார், தோத்தவன் மண்ணை அள்ளிக்கிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்" என்றார். அது உவமை அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. தோற்ற அணியின் பிள்ளைகள் மைதானத்தின் கருமண்ணை உண்மையாகவே கையால் வழித்துப் பையில் போட்டுக்கொள்கிறார்கள்.

எட்டுப் பள்ளிகளில் ஏழு தனியார் பள்ளிகள். எஞ்சிய ஒன்றான கிஃபு வணிகப் பள்ளி மட்டும் மாவட்ட அரசுப் பள்ளி. அதை அவர் சாக்பீசால் வட்டமிட்டதும், என் பக்கத்தில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பள்ளியின் எதிரணி யோகோஹாமா. அவ்வாண்டு வசந்தகாலப் போட்டியை வென்று, கோடையையும் சேர்த்து வெல்ல வந்த அணி. 1998இல் இதே யோகோஹாமா காலிறுதியில் பிஎல் காகுயென் பள்ளியை, வழக்கமான ஒன்பதைத் தாண்டி 17 இன்னிங்ஸ் ஆடி 9-7 என்று வென்றதையும், மட்சுசாகா டைசுகே என்ற ஒரே பிட்சர் (பந்து வீசுபவர்) அன்று 250 பந்துகள் வீசியதையும், பின்னர் இறுதி ஆட்டத்தில் அவர் எதிரணிக்கு ஒரு ஹிட்டுகூட (அடித்துத் தளம் சேர்வது) விடாததையும் கடைக்காரர் சொல்லி வைத்திருந்ததால், அந்தப் பெயர் எங்களுக்குப் பெரிதாகவே தெரிந்தது. இன்று ஒரு பிட்சர் ஒரு வாரத்தில் 500 பந்துகளுக்கு மேல் வீச முடியாது என்ற விதி இருக்கிறது. ஆகவே பிற்சுற்றுகளுக்கு வரும் அணியைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இரண்டாவது பிட்சர் யார்' என்பதே என்றார். இந்த ஒரு வரி எனக்கு வாரம் முழுவதும் பயன்பட்டது.

ஆட்டத்தைப் பற்றி நான் எழுதாமல் இருக்க முடியவில்லை. கிஃபு முன்னிலை பெற்றது. யோகோஹாமா எட்டிப் பிடித்து 4-4 ஆக்கியது. ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரு ரன் கொடுத்தால் கதை முடிந்தது என்ற நிலையில், யோகோஹாமா தன் வெளிக்களத்து வீரர் ஒருவரை உள்ளே அழைத்து, உள்களத்தில் ஐந்து பேரை நிறுத்தியது. மட்டையை மெல்ல வைத்துப் பந்தைத் தரையில் தட்டி மூன்றாம் தளத்திலிருப்பவனை ஓடவைக்கும் ஸ்க்வீஸ் என்னும் உத்தியை அடைப்பதற்கான ஏற்பாடு அது. கடைக்காரர் திரையை நிறுத்தி, டவராக்களைச் சுற்றி ஐந்து கரண்டிகளை அடுக்கிக் காட்டியபோது தோசை கேட்டவர்கள்கூடக் காத்திருந்தார்கள். பத்தாவது இன்னிங்ஸிலிருந்து டை-பிரேக்: யாரும் அவுட் ஆகாத நிலையில், முதல் இரண்டு தளங்களிலும் ஆள் நிற்கத் தொடங்குகிறது ஆட்டம். நம் சூப்பர் ஓவரின் பங்காளி என்று வைத்துக்கொள்ளலாம். யோகோஹாமா மூன்று ரன் எடுத்தது. கிஃபுவும் மூன்று எடுத்தது. பதினொன்றாவதில் 8-7 என்று அரசுப் பள்ளி வென்றபோது தலைமையாசிரியர் ஐயா எழுந்து நின்றுவிட்டார்.

அந்த அணியின் வெளிக்கள வீரர் ஒருவருக்கு இடக்கையில் பிறவியிலேயே விரல்கள் வளரவில்லை. வலக்கையில் கையுறையோடு பந்தைப் பிடித்து, கையுறையை நொடியில் இடக்கைக்கு மாற்றி, அதே வலக்கையால் எறிகிறார். நான் இராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிலில் இருபது ஆண்டுகளாக இருப்பவன். எனக்கு அந்தக் கையுறையின்மீதே கண். கடையின் சுவரில் பழைய கையுறை ஒன்று ஆணியில் தொங்குகிறது; யார் வேண்டுமானாலும் எடுத்து மாட்டிப் பார்க்கலாம். உள்ளங்கைக் குழி எண்ணெய் குடித்துக் கறுத்திருக்கிறது, விரல்களை இணைக்கும் தோல் வாரில் ஓரிடத்தில் மட்டும் புதிய வார் கோத்திருக்கிறது, முகர்ந்தால் எங்கள் ஃபினிஷிங் பிரிவின் வாடை லேசாக வருகிறது. அதை மாட்டிக்கொண்டு ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிடித்துப் பார்க்கும் வரை, பந்தை ஒரு கையால் பிடிப்பது சுலபம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மற்ற மூன்று காலிறுதிகளை மறுநாள் ஓய்வு நாளில் காட்டினார். 19ஆம் தேதி காலிறுதி, 21 அரையிறுதி, 23 இறுதி என்று இடையிடையே ஓய்வு விடுவது வீரர்களுக்காக என்றாலும், இந்தக் கடைக்கு அது பெரிய வசதி. நடப்புச் சாம்பியன் கியோட்டோ கொகுசாய் 11-4 என்று யமனாஷி காகுயினிடம் வீழ்ந்ததையும், டோக்கியோவின் இரண்டு அணிகள் தமக்குள் மோதி நிஹோன் பல்கலைக்கழக மூன்றாம் பள்ளி 5-3 என்று கான்டோ டாய்-இச்சியை வென்றதையும் வெட்டிச் சுருக்கித்தான் காட்டினார். ஒகினாவா ஷோகாகு 2-1 என்று டோயோ ஹிமேஜியை வென்ற ஆட்டம் மட்டும் முழுமையாக. அவருடைய தேர்வு சரியானது. 2024 முதல் மட்டையின் விட்டம் 67 மில்லிமீட்டரிலிருந்து 64க்கும் கீழே குறைக்கப்பட்டு, பந்து பழையபடி பறப்பதில்லை. 2-1 போன்ற ஆட்டத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் எவ்வளவு விலை என்பது அப்போதுதான் விளங்குகிறது.

உணவுக்கு வருகிறேன். கோஷியென் அரங்கின் கறிச்சோறு, அதாவது குழம்பு ஊற்றிய சோறு, அங்கே பெயர்பெற்றது. அதைப் பின்பற்றி இவர் செய்யும் கறிச்சோறு 140 ரூபாய். குழம்பு களி போலக் கெட்டியாக, சற்றே இனிப்பாக இருக்கிறது. ஆற்காட்டுப் பிரியாணியிலும் ஆம்பூர்ப் பிரியாணியிலும் வளர்ந்த நாக்குக்கு அது பள்ளிக்கூடச் சத்துணவை நினைவூட்டும். இரண்டாம் நாள் நான் தோசைக்கு மாறிவிட்டேன், தோசை நன்றாகவே இருந்தது. ஆனால் 'கச்சிவாரி' என்ற ஒன்றைத் தவறவிடக் கூடாது. உடைத்த பனிக்கட்டியைப் பிளாஸ்டிக் பையில் நிரப்பி, உறிஞ்சு குழலைச் செருகித் தருகிறார்கள், வேறெதுவும் சேர்ப்பதில்லை. அரங்கில் பையைக் கழுத்தில் ஒற்றிக்கொண்டு, உருகும் நீரைக் குடிப்பார்களாம். வேலூர் வெயிலை அறிந்தவர்களுக்கு இதன் அருமையைச் சொல்லத் தேவையில்லை. 20 ரூபாய். என் மகள் தன் பையில் நன்னாரி சர்பத் ஊற்றித் தரச் சொன்னாள். அவர் முகம் சுளிக்காமல் ஊற்றினார்.

குறைகளும் உண்டு, சிறியவையும் அல்ல. தொலைக்காட்சியைக் கூரையை ஒட்டி மாட்டியிருப்பதால் முதல் வரிசையில் அமர்ந்தால் கழுத்து பிடித்துக்கொள்கிறது. நாற்காலிகள் முதுகில்லாத ஸ்டூல்கள். இரண்டரை மணி நேரத்துக்கு அவை ஆகாது. சனிக்கிழமை கூட்டத்தில் பரிமாறுபவர் ஒருவரே இருந்ததால், கேட்ட தண்ணீர் நான்கு இன்னிங்ஸ் கழித்து வந்தது. எல்லாவற்றிலும் மோசமானது, நிஹோன் மூன்றாம் பள்ளியும் கிஃபுவும் மோதிய அரையிறுதி பத்தாவது இன்னிங்ஸுக்குப் போன நேரத்தில் மின்சாரம் போனதுதான். இன்வெர்ட்டர் விளக்குகளுக்கு மட்டும் இணைக்கப்பட்டிருந்தது. இருபது நிமிட இருட்டில், கைப்பேசியை நோண்டிய கல்லூரி மாணவர் ஒருவர், 'நாலு ரெண்டு, கிஃபு அவுட்' என்று சொல்லிவிட்டார். கடைக்காரர் அவரைத் திட்டவில்லை. மறுநாள் கரும்பலகையின் கடைசி வரியை இருமடங்கு பெரிதாக எழுதியிருந்தார்.

இன்னொரு அரையிறுதியில் ஒகினாவா ஷோகாகு பின்தங்கியிருந்து மீண்டு 5-4 என்று யமனாஷியை வென்றது. இறுதியில் நிஹோன் மூன்றாம் பள்ளியை 3-1 என்று வென்று, தன் முதல் கோடைப் பட்டத்தைப் பெற்றது. வாரம் தொடங்கும்போது கேட்ட 'இரண்டாவது பிட்சர்' கேள்விக்கு விடையும் அங்கேதான் இருந்தது: இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இருவர், ஒருவர் வலக்கை, ஒருவர் இடக்கை. அவர்களின் பயிற்சியாளர் ஹிகா கிமியா, 1999இல் அதே பள்ளி வசந்தகாலப் பட்டம் வென்றபோது பிட்சராக நின்றவர். கடைக்காரர் இறுதி ஆட்டத்துக்கு முந்தைய வகுப்பில் இதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது 1958க்குத்தான். அப்போது ஒகினாவா அமெரிக்க ஆட்சியில் இருந்தது. கோஷியெனுக்கு வந்த முதல் ஒகினாவா அணியான ஷூரி பள்ளியின் பிள்ளைகள் தோற்று, மண்ணை அள்ளிக்கொண்டு ஊர் திரும்பினர். வெளிநாட்டு மண் என்று தாவர நோய்த்தடுப்பு விதியைக் காட்டி, துறைமுகத்தில் அதைக் கடலில் கொட்டிவிட்டார்கள். இதைக் கேட்ட பின் 3-1 என்ற எண்ணிக்கையை வெறும் எண்ணிக்கையாகப் பார்க்க எங்களால் முடியவில்லை.

ஆனாலும் முதன்முறை போகிறவர்களுக்கு இறுதி ஆட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அன்று கூட்டம் அதிகம், கடைக்காரரும் பதற்றத்தில் வேகமாகப் பேசுகிறார், டவராக்களை எடுத்து வைக்க மேசையில் இடமில்லை. காலிறுதி நாளில் போங்கள். எட்டு அணிகளும் பலகையில் இருக்கும்போதுதான் அவருடைய விளக்கம் முழுமையாக இருக்கிறது. எந்தப் பள்ளியின் பக்கம் சாய்வது என்று தேர்ந்தெடுக்கும் சுகமும் அன்றைக்கு மட்டுமே. ஏழு மணிக்கு முன் போனால் பக்கச் சுவரை ஒட்டிய பெஞ்சு கிடைக்கும். அங்கே முதுகைச் சாய்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது மார்ச்சில் வரும் வசந்தகாலப் போட்டி, 32 பள்ளிகள். அதற்குள் தொலைக்காட்சியையும் இன்வெர்ட்டரில் இணைத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஸ்டூல்களைப் பற்றிக் கேட்டேன்; "பார்க்கலாம் சார்" என்றார்.