சேலத்தில் விற்கும் அந்தமான் பேக்கேஜ்: எங்கே காசுக்குத் தகும், எங்கே கோட்டை விடும்

ஐந்து ரோட்டிலும் சாரதா காலேஜ் ரோட்டிலும் டிராவல்ஸ் கடைக்குக் கடை பெயரும் விலையும்தான் மாறுகின்றன. அந்தமான் என்று கேட்டால் எடுத்து நீட்டும் சரக்கு பெரும்பாலும் ஒன்றுதான்: 5 இரவு, 6 பகல், போர்ட் பிளேரில் முதல் இரவு, ஹேவ்லாக் தீவில் இரண்டு, நீல் தீவில் ஒன்று, கடைசி இரவு மறுபடி போர்ட் பிளேர். ஆகவே எந்தக் கடை நல்ல கடை என்பதைப் பற்றி இங்கே பேச்சில்லை. அந்த ஆறு நாள் பேக்கேஜ் கொடுக்கும் காசுக்குத் தகுமா என்பதுதான் விஷயம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். விமானப் பகுதியை இன்று யார் போட்டாலும் சரியாக வரும். அதற்கு ஏஜென்ட் வேண்டியதில்லை, போனிலேயே போட்டுவிடலாம். ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் காசு தகுவது தீவுக்குத் தீவு போகும் கப்பல் டிக்கெட்டுக்கு. பேக்கேஜில் ஓட்டை விழுவதும் அதே இடத்தில்தான்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். 2018 டிசம்பர் 30 அன்று ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் ஷஹீத் த்வீப் ஆனது, ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப் ஆனது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜய புரம் ஆகிவிட்டது. விமான டிக்கெட்டில் பழைய குறியீடான ஐஎக்ஸ்இசட்தான் இருக்கும். நோட்டீஸில் பழைய பெயரையும் புதுப் பெயரையும் தனித்தனி வரியில் பார்த்தால் இரண்டு இடம் என்று எண்ணிவிடாதீர்கள்.

சேலத்திலிருந்து கிளம்புவதில்தான் முதல் கோளாறு. "சேலத்திலிருந்தே விமானம்" என்பது காதுக்கு இனிக்கும். நம்ம காமலாபுரம் விமான நிலையத்தின் கதை தெரிந்ததுதானே: 1993-ல் கட்டினார்கள், கிங்ஃபிஷர் வந்து போனது, 2018 மார்ச்சில் ட்ரூஜெட் வந்தது, அதுவும் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி விமானம் இறங்கியது. ஓடுதளம் சுமார் 1,800 மீட்டர்தான் என்பதால் ஏடிஆர் மாதிரி சின்ன விமானங்களுக்குத்தான் ஏற்றது, ஓடுவதும் பகலில்தான். சென்னையிலிருந்து அந்தமான் விமானங்களோ பெரும்பாலும் அதிகாலையிலும் முற்பகலிலும் கிளம்பிவிடுகின்றன. அன்றைக்கே சேலத்தில் ஏறி அன்றைக்கே அந்தமானில் இறங்குவது அநேகமாக ஒத்துவராது. முதல் நாள் சென்னையில் ஒரு ராத்திரி தங்க வேண்டிவரும். அந்த அறை வாடகை நோட்டீஸில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, இரண்டு விமானமும் ஒரே பிஎன்ஆரில் இல்லாவிட்டால், சேலம் விமானம் தாமதமாகி அடுத்ததை விட்டால் நஷ்டம் உங்களுடையது. விமானக் கம்பெனி பொறுப்பேற்காது.

அதனால் ராத்திரி ரயில்தான் உத்தமம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஏற்காடு எக்ஸ்பிரஸ் சென்ட்ரலில் விடும். அங்கிருந்து மெட்ரோ பிடித்து விமான நிலையம் போகலாம், ஆனால் மெட்ரோவின் முதல் வண்டி வரும்வரை பெட்டியோடு காத்திருக்க வேண்டும். விருத்தாசலம் வழியாக எழும்பூர் போகும் சேலம் எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நிற்கும். அங்கே இறங்கி லோக்கல் ரயில் ஏறினால் நாலாவது ஸ்டேஷன் திரிசூலம். எதிரே விமான நிலையம். முற்பகல் விமானத்துக்கு இது போதும். காலை 5, 6 மணி விமானம் என்றால் எந்த ராத்திரி ரயிலையும் நம்பக் கூடாது, முந்தின பகலே கிளம்பிவிடுங்கள். பஸ்ஸில் போவதானால் இப்போது கிளாம்பாக்கத்தோடு இறக்கிவிடுவார்கள். விமான நிலையத்துக்கு அங்கிருந்து தனியாக வண்டி பிடிக்க வேண்டும். உள்நாட்டு விமானங்கள் டி1, டி4 என்று இரண்டு டெர்மினலில் பிரிந்திருப்பதால் டிக்கெட்டில் எது என்று பார்த்துவிட்டு ஆட்டோவில் ஏறுங்கள்.

சென்னையிலிருந்து இரண்டேகால் மணி நேரத்தில் போர்ட் பிளேர். இந்தப் பக்கம்தான் எல்லாம் அடியோடு மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் சாதாரண ஜனங்களுக்கு அந்தமான் என்றால் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறி மூன்று நாள் வாந்திதான். 2023 ஜூலையில் சிப்பி வடிவத்தில் புது டெர்மினல் திறந்தார்கள், ஆண்டுக்கு 50 லட்சம் பேரைத் தாங்கும் அளவுக்கு. 2024 நவம்பரில் கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானமும் வந்து இறங்கியது. ஆனால் டெர்மினல்தான் புதுசு. ஓடுதளம் அதே ஒன்றுதான், அதுவும் கடற்படையின் உட்க்ரோஷ் தளத்துக்குச் சொந்தமானது. பக்கத்தில் மாற்று விமான நிலையம் கிடையாது. மேகம் தாழ்ந்து இறங்க முடியாமல் போனால் விமானம் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ திரும்பிவிடும். மழைக்காலத்தில் இது நடக்கிற காரியம்தான். முதல் நாளே ஹேவ்லாக் கப்பல் போட்டிருக்கும் பேக்கேஜை வாங்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதமானால் கப்பல் போய்விடும். அடுத்த கப்பலில் இடம் இருக்காது.

இனி கப்பல். பேக்கேஜின் உயிர் இதில்தான் இருக்கிறது. போர்ட் பிளேர் – ஹேவ்லாக் தனியார் படகில் ஒன்றரை மணி நேரம், அரசுக் கப்பலில் இரண்டரை. அரசுக் கப்பல் மலிவு. ஆனால் டிக்கெட் சில நாட்களுக்கு முன்புதான் திறக்கும், தீவுவாசிகளுக்கு முன்னுரிமை. அது நியாயம்தான், அவர்களுக்கு அது நம்ம டவுன் பஸ் மாதிரி. சுற்றுலாப் பயணி நம்ப வேண்டியது தனியார் படகை. மக்ரூஸ், நாட்டிகா இரண்டும் மூடிய ஏசி படகுகள். உட்கார்ந்தால் இறங்கும்வரை உள்ளேதான். கிரீன் ஓஷனில் மேல்தளத்துக்கு வரலாம், காற்று வாங்கலாம், ஆட்டம் கொஞ்சம் கூடுதல். வயிறு புரட்டும் ஆட்களுக்குக் கீழ்த்தளத்தில், நடுவிலிருந்து பின்பக்கம், இடம் கேளுங்கள். முன்வரிசை ஜன்னல் ஓரம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதிகம் தூக்கிப் போடுவது அங்கேதான். குமட்டல் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை.

ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டியது "கப்பல் டிக்கெட் உண்டா" என்பதல்ல. அதற்கு எல்லோரும் உண்டு என்றுதான் சொல்வார்கள். எந்தப் படகு, எத்தனை மணி, எந்த வகுப்பு, எந்தத் துறையிலிருந்து (ஃபீனிக்ஸ் பே ஒன்று, ஹாடோ ஒன்று, குழம்பினால் படகு போய்விடும்), எப்போது டிக்கெட் கையில் கிடைக்கும் என்று கேளுங்கள். விமான டிக்கெட்டை முன்பணம் வாங்கிய அன்றே அனுப்பிவிட்டு, கப்பல் டிக்கெட்டை "அங்கே போனதும் நம்ம ஆள் தருவார்" என்று சொன்னால், அது இன்னும் போடப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். சீசனில் நல்ல நேரத்துப் படகுகள் முன்கூட்டியே நிரம்பிவிடும். கடைசியில் கிடைப்பது அதிகாலையோ, மதியம் மூன்று மணியோ. அந்த நாள் வீண். டிக்கெட்டில் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும், விமானத்தைப் போலத்தான்.

மதியப் படகு ஏன் நாளைக் கெடுக்கும் என்றால், அங்கே பொழுது சீக்கிரம் சாய்கிறது. கடிகாரம் நம்முடையதுதான், சூரியன் நம்முடையதல்ல. சேலத்துக்கும் போர்ட் பிளேருக்கும் தீர்க்கரேகையில் பதினாலரை டிகிரி வித்தியாசம். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். டிசம்பரில் மாலை 5 மணி வாக்கில் பொழுது சாய்ந்துவிடும். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரை அங்குள்ள படகுத்துறையிலிருந்து 12 கிலோமீட்டர். அங்கே சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும் என்றால் மூன்றரைக்கே வண்டி கிளம்ப வேண்டும். அட்டவணையில் "மாலை 5 மணி ராதாநகர்" என்று போட்டிருந்தால் அதை எழுதியவர் அந்தமான் போகாதவர். 2004-ல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது இதைத்தான், இன்றைக்கும் மணல் சுத்தம். ஒரு எச்சரிக்கை: பக்கத்தில் நீல்ஸ் கோவ் பகுதியில் 2010-ல் முதலை ஒரு பயணியைக் கொன்றது. உயிர்காப்பாளர் நிற்கும், கயிறு கட்டிய இடத்துக்குள்ளேயே குளியுங்கள்.

ஹேவ்லாக்கின் எலிஃபண்ட் பீச்சில் "இலவச ஸ்நார்க்கலிங்" (மூச்சுக்குழாய் மாட்டி மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) என்பது பேக்கேஜின் பெரிய கவர்ச்சி. ஸ்பீட் போட் டிக்கெட்டோடு வரும் அது சில நிமிஷம் தண்ணீரில் மிதக்க விட்டு ஒரு போட்டோ எடுப்பதோடு முடிந்துவிடும். பவளத்தை நிஜமாகப் பார்க்க வேண்டும் என்றால் அங்கேயே காசு கட்டி நீளமான சுற்று எடுக்க வேண்டியிருக்கும். அந்தக் காசைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

காற்று சிலிண்டரோடு கடலுக்குள் மூழ்கும் ஸ்கூபாவுக்கு நீச்சல் தெரிய வேண்டியதில்லை, பயிற்றுநர் பிடித்துக்கொள்வார். பத்து வயதுக்குக் கீழ் கூடாது. சளி பிடித்திருந்தாலோ ஆஸ்துமா, காது ஆபரேஷன் இருந்தாலோ இறங்காதீர்கள். மூக்கடைப்போடு இறங்கினால் காதில் அழுத்தம் சமமாகாமல் ஜவ்வு கிழியலாம். ஒரு டைவுக்குப் பிறகு 12 மணி நேரம், அதற்கு மேல் டைவ் செய்தால் 18 மணி நேரம், விமானம் ஏறக் கூடாது. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் அழுத்தம் குறையும்போது குமிழாகும். ஆகவே கடைசி நாளில் ஸ்கூபா வைத்திருக்கும் அட்டவணையை அப்படியே திருப்பிக் கொடுங்கள்.

நீல் தீவுக்கு வேண்டியது வழிகாட்டி அல்ல, ஓத அட்டவணை, அதாவது கடல் நீர் ஏறி இறங்கும் நேரக் கணக்கு. லக்ஷ்மண்பூரில் இருக்கும் இயற்கைப் பாறைப் பாலத்துக்கு நீர் வற்றியிருக்கும்போதுதான் நடந்து போக முடியும். பரத்பூரில் கண்ணாடி அடிப் படகுக்கு நேர்மாறாக நீர் ஏறியிருக்க வேண்டும். ஓதம் தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். அதனால் எல்லாத் தேதிக்கும் ஒரே நேரம் அச்சடித்த பேக்கேஜ் பாதி நாட்களில் தப்பாகத்தான் இருக்கும். போகிற தேதியின் நீர்மட்டத்தை நெட்டில் பார்த்து, இரண்டு இடத்தையும் மாற்றிப் போடச் சொல்லுங்கள். டிரைவர்களுக்கு இது அத்துப்படி, கேட்டால் செய்வார்கள்.

பாராடாங் சுண்ணாம்புக் குகையைக் கூடுதல் காசுக்குச் சேர்த்து விற்பார்கள். போர்ட் பிளேரிலிருந்து நூறு கிலோமீட்டர் சுமார். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளைக் கூட்டமாகத்தான் விடுவார்கள், முதல் கூட்டம் காலை 6 மணிக்கு. அதற்காக மூன்று மணிக்கே எழுந்து கிளம்ப வேண்டும். வழி ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது. வண்டியை நிறுத்துவதும் போட்டோ எடுப்பதும் குற்றம். "ஜாரவா பார்க்கலாம்" என்று ஜாடையாக விற்கும் கடைப் பக்கமே போகாதீர்கள், மனிதர்கள் காட்சிப் பொருள் அல்ல. குழந்தை, பெரியவர்களோடு போனால் இந்த நாளை விட்டுவிட்டு செல்லுலார் சிறையை நிதானமாகப் பாருங்கள். 1906-ல் கட்டி முடித்த ஏழு கட்டடச் சிறகுகளில் மிச்சம் மூன்று. இரவு ஒலி ஒளிக் காட்சி பெரும்பாலும் இந்தியில். பாட்டி தாத்தாவுக்கு நீங்கள்தான் காதில் சொல்ல வேண்டும்.

சாப்பாடு பிரச்சினையில்லை. போர்ட் பிளேரில் தமிழர்கள் ஏராளம், இட்லி சாம்பார் தேட வேண்டியதில்லை. ஹேவ்லாக்கில் விலை கூடும். தட்டுவடை செட்டுக்கு மட்டும் ஊர் திரும்பும்வரை பொறுக்க வேண்டும். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு ஜிபே ஓரளவு ஓடுகிறது. நீலில் நம்ப முடியாது, ரொக்கம் வையுங்கள்.

நம்ம பள்ளி விடுமுறையோடு பொருத்திப் பார்த்தால்: அரையாண்டு லீவில் கடல் நன்றாக இருக்கும், விலை உச்சத்தில் இருக்கும். கோடை லீவில் மே முதல் வாரம்வரை தைரியமாகப் போகலாம். மே 20 வாக்கில் தென்மேற்குப் பருவமழை முதலில் தொடுவதே அந்தமானைத்தான். ஏற்காட்டில் கோடை விழாக் கூட்டம் என்று பயந்து மே கடைசியில் அங்கே போகிறவர்கள் மழையில் மாட்டுவார்கள். தீபாவளி சமயம் புயல் காலம். காற்று ஓங்கினால் துறைமுகத்தில் படகை நிறுத்திவிடுவார்கள், விமானம் பறந்தாலும் நீங்கள் நீலில்தான் இருப்பீர்கள். கடைசி இரவு போர்ட் பிளேரில் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். அதை வெட்டி ஐந்து நாளாக்கிய மலிவுப் பேக்கேஜில் மிச்சமாகும் காசு, ஒரு புது விமான டிக்கெட் வாங்கினால் போய்விடும். படகு ரத்தானால் கூடுதல் இரவு அறைக்கு யார் காசு என்பதை முன்பணம் கொடுக்கும்முன் எழுத்தில் வாங்குங்கள். 5 சதவீத ஜிஎஸ்டி போட்ட பில்லும் கேளுங்கள், பிறகு தகராறு வந்தால் நுகர்வோர் மன்றத்தில் காட்ட அது ஒன்றுதான் கையில் இருக்கும்.

திரும்பும்போது பையில் சங்கு, பவளத் துண்டு எதுவும் வேண்டாம். கரையில் கிடந்ததுதான் என்றாலும் வனவிலங்குச் சட்டத்தில் வரும், ஸ்கேனரில் தெரியும். பவர் பேங்க் கைப்பையில். மதிய விமானத்தில் சென்னை வந்தால் இரவு ரயிலுக்கு நேரம் தாராளம். ஏற்காட்டுக்காரர்கள் விடியலில் சேலத்தில் இறங்கி முதல் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறிவிடலாம். கடலில் ஆடிய வயிற்றுக்கு அது இன்னொரு ஆட்டம்தான், ஆதலால் முன் சீட்டாகப் பார்த்து உட்காருங்கள்.